வேக்ஸ் போடும் முன் க்ளே பார் தேய்க்க வேண்டுமா? மூன்று வயது வெள்ளைக் காருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் குரோம்பேட்டையில் இரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார். அவருடைய வெள்ளை ஹாட்ச்பேக் காருக்கு மூன்று வயதாகிறது. கூரையில்லாத இடத்தில், ஒரு வேப்பமரத்தின் அரை நிழலில் நிற்கிறது. ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகும் பானெட்டில் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது என்றும், கதவுகளின் கீழ்ப்பகுதியில் ஊசிமுனை அளவில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிகின்றன என்றும் எழுதியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு முன் வேக்ஸ், அதாவது பெயின்டைக் காக்கும் மெழுகுப் பூச்சு, போட நினைக்கும் அவரிடம், க்ளே பார் (பெயின்டில் ஒட்டிய துகள்களைப் பெயர்த்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்க்காமல் வேக்ஸ் போடுவது வீண் என்று நண்பர் ஒருவரும், க்ளே தேய்த்தால் பெயின்ட் போய்விடும் என்று வாட்டர் சர்வீஸ் கடைக்காரரும் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வது சரி, இதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்பது அவருடைய கேள்வி.

நீங்கள் விவரித்திருக்கும் நிலையில் உங்கள் காருக்கு க்ளே தேவைப்படுகிறது. பொறுமையாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கினால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் க்ளேயைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன, அவற்றைச் சரியாகச் செய்தால் க்ளே தேய்க்க வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கடைக்காரரின் பயமும் ஆதாரமற்றதல்ல. அவசரமாக, காய்ந்த பெயின்டின் மீது தேய்த்துக் கெடுத்த கார்களை அவர் பார்த்திருப்பார்.

முதலில் ஒரு சோதனை. காரைக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பாலித்தீன் பை ஒன்றைக் கைக்குள் மாட்டிக்கொண்டு விரல் நுனிகளால் பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலின் தோல் பெயின்டின் மீது இழுபடுவதால் நுண்ணிய மேடுகளை உணர விடாது. பை அந்த இழுவையை நீக்கிவிடுவதால், சுத்தமாக இருப்பதாக நீங்கள் நினைத்த இடம்கூட உப்புத்தாள் போல உறுத்தும். கூரை, பானெட், டிக்கியின் மேல்பரப்பு, கதவுகளின் மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனியாகத் தடவி, எங்கே உறுத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள்தான் அன்றைய வேலைக்கான வரைபடம். உறுத்தாத இடத்தில் க்ளே படக்கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். அதற்கான காரணம் போகப் போக விளங்கும்.

உறுத்துவது என்ன என்று பார்ப்போம். சாலைத் தூசியும் கடற்காற்றின் உப்பும் தண்ணீரிலும் ஷாம்பிலும் போய்விடும். அவற்றுக்கு க்ளே தேவையில்லை. ஷாம்புக்கு மசியாமல் தங்குபவை வேறு. முதலாவது இரும்புத் துகள். இரயில் சக்கரமும் தண்டவாளமும் உராயும்போதும், உங்கள் காரின் பிரேக் பேடு வார்ப்பிரும்பு டிஸ்க்கை அழுத்தும்போதும், தெருமுனை கிரில் பட்டறையில் கட்டிங் வீல் இரும்பை அறுக்கும்போதும் நுண்ணிய துகள்கள் சூடாகப் பறக்கின்றன. சூட்டோடு வந்து விழுபவை பெயின்டில் ஒட்டிக்கொள்கின்றன, சில அதன் மேற்பரப்பில் பதிந்தே விடுகின்றன. ஈரமும் உப்பும் சேர்ந்தால் அவை துருப்பிடிக்கும். துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், பதிந்த துகள் சுற்றியுள்ள பெயின்டை மெல்ல நெம்புகிறது. நீங்கள் கதவின் கீழ்ப்பகுதியில் பார்க்கும் ஆரஞ்சுப் புள்ளிகள் காரின் தகடு துருப்பிடித்ததால் வந்தவையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு; வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த இரும்பின் துருதான் அது. வெள்ளைக் காரில் அது கண்ணுக்குத் தெரிகிறது, கறுப்புக் காரில் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. தீபாவளிக்குப் பிறகு இது கூடும், ஏனென்றால் கம்பி மத்தாப்பின் பொறிகளே இரும்புத் தூள் எரிவதால் வருபவை.

மரத்திலிருந்து விழும் பிசினும், இலைகளில் வாழும் சிறு பூச்சிகள் சொட்டும் தேன் போன்ற கசிவும் இரண்டாவது வகை. தார்ப் புள்ளிகள், பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது காற்றில் வந்த பெயின்ட் துளிகள், காய்ந்த சிமென்ட் பாலின் தெறிப்பு ஆகியவை மூன்றாவது. இவை எல்லாம் பெயின்டின் மேல் உட்கார்ந்திருப்பவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் பூசப்படும் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான் வரைதான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அடியில் துருத்தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற க்ளியர் கோட். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த மேலடுக்குதான். அதன் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கார் பராமரிப்பு என்று நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த முடியளவு கனத்தைச் செலவழிக்கிறதா, சேமிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டியது.

இனி க்ளே பார். பெயரில் களிமண் இருந்தாலும் இது குளத்துக் களிமண் அல்ல. பள்ளிக் குழந்தைகள் பொம்மை செய்யும் வண்ணக் களிமண்ணும் அல்ல, அதைக் காரில் தேய்க்கவே கூடாது. செயற்கைப் பிசினோடு மிக நுண்ணிய உராய்வுத் தூளைக் கலந்து பிசைந்த, சப்பாத்தி மாவைப் போல வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் இது. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கொடாடே என்பவர் 1995-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நெகிழும் சாணைக்கல்’ என்று வரும். க்ளேயைப் பற்றி நான் படித்ததில் இவ்வளவு நேர்மையான பெயர் வேறில்லை. கடைகளில் விற்பவர்கள் ‘அழுக்கை உறிஞ்சி எடுக்கும்’ என்று சொல்வதைக் கேட்டு, அதை ஈரத்துணியைப் போல நினைத்துக்கொள்கிறோம். கையில் இருப்பது சாணைக்கல் என்று நினைத்துக்கொண்டால், எவ்வளவு அழுத்தலாம், எதன் மீது தேய்க்கலாம் என்ற கேள்விகளுக்கு உங்கள் கையே சரியான விடையைச் சொல்லும்.

அது வேலை செய்யும் விதம் எளியது, அழகானது. பெயின்டின் மீது வழுக்கும் நீர்மத்தைத் தெளித்துவிட்டு க்ளேயை ஓட்டும்போது, க்ளேக்கும் பெயின்டுக்கும் நடுவே நீர்மம் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. க்ளே அந்தப் படலத்தின் மேல் மிதந்து போகிறது. பெயின்டில் ஒட்டியிருக்கும் துகள் மட்டும் படலத்துக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருப்பதால், க்ளே அதன் மீது மோதி, அதைச் சீவி அல்லது பெயர்த்துத் தன் உடம்புக்குள் புதைத்துக்கொள்கிறது. தட்டையான, சுத்தமான பெயின்டைத் தொட அதற்கு வேலையே இல்லை. படலம் காய்ந்துவிட்டாலோ, அழுத்தம் அதிகமானாலோ இந்த ஏற்பாடு முறிந்துபோகும்; அப்போது சாணைக்கல் நேராகக் க்ளியர் கோட்டில் உராயும். நீங்கள் கேட்ட இரு கருத்துகளும் சந்திக்கும் இடம் இந்தப் படலம்தான்.

தலை நீட்டாத எதையும் க்ளே எடுக்காது என்பதும் இதிலிருந்தே விளங்கும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் சுழல் கீறல்கள் பெயின்டுக்குள் இருக்கும் பள்ளங்கள்; பறவை எச்சம் அரித்த தழும்பும் அப்படியே. க்ளேயால் அவை போகவில்லை என்று மேலும் மேலும் அழுத்தித் தேய்ப்பவர்கள் புதிய கீறல்களை உண்டாக்கி முடிப்பார்கள்.

போர்வெல் தண்ணீர் காய்ந்து விட்டுச்சென்ற வெள்ளை வட்டங்களுக்கும் க்ளே சரியான மருந்தல்ல. வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து அரை நிமிடம் ஒற்றி, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் புதிய வட்டங்கள் கரைந்துவிடும். கரையாமல் நிற்பவை பெயின்டை அரித்துவிட்டவை, அவற்றுக்கு க்ளியர் கோட்டை மிக மெல்லியதாகத் தேய்த்துச் சமப்படுத்தும் பாலிஷ்தான் வழி. இதோடு ஒரு வேண்டுகோள்: குடிநீர் ஆர்ஓ கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் பலர் கார் கழுவப் பயன்படுத்துகிறார்கள். அந்த நல்லெண்ணம் மதிக்கத்தக்கது, ஆனால் உள்ளே போன தண்ணீரைவிட அதிக உப்பு அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. அதைக் கழிவறைக்கும் வாசல் தெளிக்கவும் வைத்துக்கொண்டு, காரின் கடைசி அலசலுக்காவது மெட்ரோ வாட்டர் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

வேலையைத் தொடங்கும் நேரம் காலை ஆறு மணி. சென்னை வெயிலில் நின்ற பானெட்டில் உள்ளங்கையை ஐந்து நொடி வைத்திருக்க முடியாது. அந்தச் சூட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும், தெளித்த நீர்மம் நொடியில் ஆவியாகும், க்ளே இளகிப் பெயின்டில் ஈஷிக்கொள்ளும். நிழல் இருக்கிறதே என்று வேப்பமரத்தடியில் வைத்துச் செய்யாதீர்கள். மேலிருந்து விழும் பூவும் தூசியும் க்ளேக்கும் பெயின்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் முதல் நாள் கூரையும் பானெட்டும், அடுத்த நாள் பக்கவாட்டும் என்று பிரித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் அந்தப் பகுதியைப் புதிதாகக் கழுவியாக வேண்டும்.

கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதலில் வெறும் தண்ணீரால் மணலையும் தூசியையும் இறக்கிவிட்டு, ஷாம்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என இரண்டு வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். கார் ஷாம்பு போதும். தார்ப் புள்ளிகளுக்கு அதற்கென விற்கும் தார் நீக்கி இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு ஒற்றி எடுத்து, அந்த இடத்தை மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவலாம். தின்னரைத் தொடாதீர்கள், குறிப்பாகப் பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பகுதிகளில்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள், உங்கள் காருக்கு முக்கியமானதும் இதுதான். இரும்பு நீக்கி என்று ஒரு தெளிப்புத் திரவம் விற்கிறது. வேலை செய்யும் பொருள் தயோகிளைக்கலேட் என்ற உப்பு, அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டப் பயன்படும் திரவங்களிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது. இரும்போடு சேர்ந்ததும் அது ஊதா நிறமாக மாறும், அழுகிய முட்டையை ஒத்த நாற்றம் வரும். நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். உங்கள் வெள்ளைக் கதவில் தெளித்த ஓரிரு நிமிடத்தில், இதுவரை ஆரஞ்சாகத் தெரிந்த ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு மெல்லிய ஊதா இழை கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நூற்றுக்கணக்கான இடங்களும் அப்போது தம்மைக் காட்டிக்கொடுக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, காயத் தொடங்கும் முன் நன்றாகக் கழுவிவிடுங்கள். மிச்சமிருந்தால் இன்னொரு முறை தெளிக்கலாம். துகளைக் கரைத்து எடுப்பது, அதைப் பெயர்த்துப் பெயின்டின் மீது இழுத்துக்கொண்டு போவதைவிட எப்போதும் மென்மையானது என்பதால், இந்தத் திரவத்தின் விலையை நான் வீண்செலவாக நினைத்ததில்லை.

இப்போது பாலித்தீன் பையை மறுபடி மாட்டிக்கொண்டு தடவுங்கள். கையிலிருக்கும் தாளில் பல இடங்களை அடித்துவிடலாம். பிசின், பெயின்ட் துளி, சிமென்ட், பதிந்துபோன பிடிவாதத் துகள் ஆகியவை மட்டும் மிஞ்சியிருக்கும்.

க்ளேயில் மென்மை, நடுத்தரம், முரடு என்று தரங்கள் உண்டு. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; உறையில் எழுதியிருப்பதைப் படித்து மென்மையானதையே வாங்குங்கள். முரட்டுத் தரம் இயந்திரத்தால் பாலிஷ் போடத் தெரிந்தவர்களுக்கானது. 100 கிராம் கட்டி வாங்கினால், அதைச் சம பாதியாக வெட்டி ஒன்றை அப்படியே பெட்டியில் வைத்துவிடுங்கள். நடுத்தரக் கார் ஒன்றுக்கு ஐம்பது கிராம் போதும். கையிலிருக்கும் பாதியை மேலும் இரண்டாகப் பிரித்து, ஒரு துண்டை விரல்களால் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்குங்கள். சின்னத் துண்டாக வைத்துக்கொள்வதன் பயன் அது கீழே விழும்போது தெரியும்.

வழுக்கும் நீர்மத்துக்கு க்ளேயோடு வரும் தெளிப்பானையே பயன்படுத்தலாம், அது தீர்ந்துவிட்டால் கார் ஷாம்பைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து தெளிப்புப் புட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். ஷாம்பு நீர் சீக்கிரம் காயும் என்பதால் நம் ஊர் வெயிலுக்கு முன்னதே எனக்குத் திருப்தி தருகிறது. எதுவானாலும் தாராளமாகத் தெளியுங்கள். முழுக் காருக்கு அரை லிட்டராவது செலவாக வேண்டும். புட்டி நிறைய மிச்சமிருந்தால் சிக்கனம் பெயின்டின் செலவில் நடந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள ஒரு பகுதியை மனதில் வகுத்துக்கொண்டு, அது முழுக்க நனையத் தெளித்து, க்ளேயின் மீதும் ஒருமுறை தெளித்துவிட்டு, விரல் நுனிகளால் பிடித்து முன்னும் பின்னும் நேர்கோட்டில் ஓட்டுங்கள். வட்டமாகச் சுழற்ற வேண்டாம். விரல்களின் எடையே போதும், அழுத்தம் தேவையில்லை. முதல் சில ஓட்டங்களில் க்ளே லேசாகப் பிடித்துப் பிடித்து நகரும், ‘சர் சர்’ என்று ஒரு மெல்லிய உராய்வு ஒலி கேட்கும். ஐந்தாறு ஓட்டங்களுக்குள் ஒலி தேய்ந்து, பிடிப்பு விட்டு, க்ளே எண்ணெய் தடவிய தோசைக்கல்லின் மீது போவது போல வழுக்கும். அந்த மௌனம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்தால் இது கேட்காது, ஆகையால் அமைதியான நேரத்தில் செய்யச் சொல்கிறேன்.

இப்போது க்ளேயைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் கழுவியாயிற்று என்று நம்பிய பானெட்டிலிருந்து, மங்கிய மஞ்சளும் பழுப்புமாக ஒரு பட்டையும், அதன் நடுவே மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளும் அதன் வயிற்றில் இருக்கும். சிலவற்றை விரலால் வருடினால் ஊசிமுனை போலக் குத்தும். அழுக்கான முகம் உள்ளே போகும்படி மடித்து, பிசைந்து, சுத்தமான முகம் வெளியே வரும்படி மறுபடி தட்டையாக்குங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இதைச் செய்ய வேண்டும். எவ்வளவு மடித்தாலும் சுத்தமான முகம் கிடைக்காத நிலை வந்தால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. பகுதியை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தடவி உறுதி செய்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

க்ளே தரையில் விழுந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். கழுவிப் பயன்படுத்தலாம், மேல்தோலைக் கிள்ளி எறிந்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்து முற்பகலில், உறவினர் ஒருவரின் கறுப்பு செடான் காரில் இதை நானே செய்து அனுபவித்திருக்கிறேன். க்ளே சிமென்ட் தரையில் விழுந்தது; கையில் வேறு துண்டு இல்லை; நன்றாகக் கழுவி, உற்றுப் பார்த்து, ஒன்றும் ஒட்டவில்லை என்ற நம்பிக்கையில் பானெட்டின் இடது பாதியில் ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாமல் புதைந்திருந்த ஒற்றை மணல் துகள், ஓட்டிய நேர்கோடுகள் ஒவ்வொன்றையும் கீறலாகப் பதிவு செய்திருந்தது, மாலை வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது. அதைப் பாலிஷ் போட்டு எடுக்க ஒரு முழு நாள் ஆனதோடு, திரும்பி வராத சில மைக்ரான் க்ளியர் கோட்டும் போயிற்று. சின்னத் துண்டாக வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். விழுந்தால் இருபத்தைந்து கிராம்தான் நட்டம்.

வரிசையில் கூரை முதலில், பிறகு பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ்ப்பகுதியும் பம்பரும். சாலையின் முழுச் சீற்றமும் கீழ்ப்பகுதியில்தான் படுகிறது என்பதால், அங்கே தொட்ட க்ளே மேலே திரும்பி வரக்கூடாது. முன் கண்ணாடிக்கு க்ளே அருமையாக வேலை செய்யும். மழைக்காலத்தில் வைப்பர் தடதடவென்று துள்ளுவதற்குக் கண்ணாடியில் படிந்த படிவும் ஒரு காரணம் என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்துவைப்பது நல்லது. ஆயுள் முடிந்த துண்டுகளை அலாய் வீல்களுக்குப் பயன்படுத்திவிட்டு எறிந்துவிடலாம்.

க்ளே படக்கூடாத இடங்களும் உண்டு. பளபளப்பில்லாத மேட் பெயின்டில் தேய்த்த இடமெல்லாம் மினுங்கித் திட்டுத் திட்டாகத் தெரியும், அதைத் திருத்த வழியில்லை. கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ஸ்டிக்கர் ஓரங்கள், பாதுகாப்புப் படலம் ஒட்டிய இடத்தின் விளிம்புகள் ஆகியவற்றிலிருந்து விலகியே இருங்கள். டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால், குறைந்தது ஒரு மாதமாவது க்ளேயும் வேண்டாம், வேக்ஸும் வேண்டாம்; பெயின்டிலிருந்து கரைப்பான்கள் வெளியேறி அது முழுமையாக இறுக வேண்டும். பழைய அம்பாசடர் போலக் க்ளியர் கோட் இல்லாத கார் என்றால் க்ளேயில் காரின் நிறமே ஏறும். அது அழுக்கு அல்ல, பெயின்ட், எனவே அங்கே இன்னும் மென்மையான கை வேண்டும்.

க்ளே முடிந்ததும் காரை இன்னொரு முறை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள், க்ளேயின் பிசுக்கும் நீர்மத்தின் மிச்சமும் போக வேண்டும். முன்பு போட்ட வேக்ஸ் ஏதாவது இருந்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே க்ளே தேய்த்த காரை வெறும் மேனியாக வெயிலில் விடக்கூடாது, அன்றே அல்லது அடுத்த நாளே வேக்ஸ் போட்டாக வேண்டும். எவ்வளவு கவனமாகத் தேய்த்தாலும் அடர்நிறக் கார்களில் மெல்லிய மங்கல் கோடுகள் விழ வாய்ப்புண்டு, அவற்றை நுண்ணிய பாலிஷால் எடுத்த பிறகே வேக்ஸுக்குப் போக வேண்டும். உங்கள் கார் வெள்ளை; அந்தக் கோடுகள் விழுந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது, நேராக வேக்ஸ் போடலாம். இந்த இடத்தில் யாராவது ‘ரப்பிங் போட்டுவிடலாம், புதுக் கார் மாதிரி ஆகிவிடும்’ என்று சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். முரட்டு ரப்பிங் காம்பவுண்டால் ஆண்டுதோறும் தேய்த்துத் தேய்த்து, பத்து வயதுக்குள் கூரையில் க்ளியர் கோட் உரிந்து சுண்ணாம்புச் சுவர் போல வெளுத்துப்போன கார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதல் வாரம் பளபளத்தது உண்மைதான், ஆனால் அந்தப் பளபளப்புக்காக அவர்கள் செலவழித்தது அந்த முடியளவு கனத்தை.

வேக்ஸுக்கும் க்ளேக்கும் உள்ள உறவை உங்கள் நண்பர் சரியாகவே சொல்லியிருக்கிறார். மேடு பள்ளமான பரப்பில் வேக்ஸ் சீராகப் பரவாது, சீக்கிரம் போய்விடும்; போடும் பஞ்சில் மாட்டிய துகளும் பெயின்டைக் கீறும். சொரசொரப்பு நீங்கிய பரப்பில் மெல்லிய ஒரு பூச்சே போதும். கர்னாபா என்ற மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலைகளிலிருந்து வருகிறது. வறண்ட காலத்தில் ஈரம் போகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்வது அது, 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது கரைப்பானும் எண்ணெயும் சேர்ந்த கலவை என்பதால், வெயிலில் நிற்கும் உங்கள் காரில் அது இரண்டு மாதம் தாங்கினால் நல்லது. செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிடப் பல வாரங்கள் கூடுதலாகத் தாங்கும். பருவமழை முழுவதையும் கடக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு நான் சீலன்ட்டையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் நிழலில், குளிர்ந்த பெயின்டில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி மெல்லியதாகப் பூசி, விரலால் ஒரு கோடு இழுத்தால் சுத்தமாக விலகும் பதம் வந்ததும் புதிய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து எடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறையாக நின்றுவிடும், முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

க்ளே துணி, க்ளே கையுறை என்று இப்போது விற்பவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். மைக்ரோஃபைபரின் ஒரு பக்கத்தில் ரப்பர் போன்ற பாலிமரைப் படியவைத்துச் செய்தவை அவை. வேகமாக வேலை முடியும், கீழே விழுந்தால் அலசிப் பயன்படுத்த முடியும், பல கார்களுக்கு வரும். ஆனால் பரப்பு பெரிதாக இருப்பதால், விரல் நுனியில் கிடைக்கும் அந்தச் செய்தி உள்ளங்கைக்கு எட்டும் முன் மங்கிவிடுகிறது, எங்கே நிறுத்துவது என்பது தெரியாமல் போகிறது. முதல் தடவை செய்பவருக்குக் கட்டியே நல்லது என்பது என் கருத்து. துணியை வாங்கிவிட்டீர்கள் என்றால், புதியதை முதலில் நன்றாக நனைத்த கண்ணாடியில் சிறிது நேரம் ஓட்டிப் பழக்கிய பிறகு பெயின்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு நாட்காட்டியில் விடை இல்லை. உங்கள் காரைப் போல இரயில் பாதைக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகமாகப் போனால் இரண்டு முறை தேவைப்படலாம். மூடிய நிறுத்தத்தில் நிற்கும் காருக்கு இரண்டு ஆண்டுகள்கூடத் தேவைப்படாமல் போகலாம். தீபாவளிப் புகை அடங்கிய பிறகு ஒருமுறையும், கோடை தொடங்கும் மார்ச் மாதத்தில் ஒருமுறையும் பாலித்தீன் பையோடு தடவிப் பாருங்கள். கதவின் கீழ்ப்பகுதி மட்டும் உறுத்தினால் இரும்பு நீக்கியை அங்கே மட்டும் தெளித்துக் கழுவிவிட்டு, மற்ற இடங்களை விட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் ஐம்பது கிராம் க்ளேயை, சில துளி நீர்மம் தெளித்து, அது வந்த பெட்டியிலேயே காற்றுப் புகாமல் மூடி, வீட்டுக்குள் ஏதாவது ஓர் அலமாரியில் வையுங்கள். காரின் டிக்கியில் வைத்தால் கோடை வெயிலில் இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்.